சக்கர நாற்காலியிலிருந்து வான்நோக்கல்

சக்கர நாற்காலியிலிருந்து வான்நோக்கல் என்பது, நிற்கவோ நடக்கவோ இயலாத பொழுதுபோக்கு வானியலாளர் ஒருவர் தமது நாற்காலியை விட்டு எழாமலேயே தொலைநோக்கி வழியாக விண்பொருட்களை நோக்குவதையும், அதற்கேற்றவாறு தொலைநோக்கி, தாங்கி, துணைக்கருவிகள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பதையும் குறிக்கும். தொலைநோக்கி வாங்குவோருக்கான கையேடுகள் பெரும்பாலும் துளை விட்டத்தையே முதல் அளவையாகக் கூறுகின்றன. விட்டம் பெரிதானால் கூடுதல் ஒளி சேரும் என்பது உண்மையே. ஆயினும் அமர்ந்து நோக்குபவருக்கு முதல் அளவை கண்ணருகு வில்லை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதாகும். இரண்டாம் அளவை, கருவி இருக்கும் இடத்துக்கு நாற்காலி செல்ல வழி உண்டா என்பது. இவ்விரண்டும் சரியாக அமையாவிடில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியும் வீட்டு மூலையில் துணி போர்த்தப்பட்ட பொருளாகவே இருந்துவிடும்.

கருவித் தேர்வு இடத்தைப் பொறுத்தும் மாறுபடும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட அறிவுரைகள் பல, 13 பாகை வட அகலாங்கில் கடற்கரையை ஒட்டியிருக்கும் வடசென்னைக்குப் பொருந்துவதில்லை. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளின் வானம், காற்று, வீட்டமைப்பு ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்தேர்வு கீழே விளக்கப்படுகிறது.

அமர்ந்து நோக்கும் மரபு

தொலைநோக்கியை நின்றுகொண்டுதான் பயன்படுத்த வேண்டும் என்பது விதியன்று. 19-ஆம் நூற்றாண்டு வானாய்வகங்களில் விண்மீன்களின் இடத்தை அளக்கப் பயன்பட்ட நெடுவரைத் தொலைநோக்கிகள் வடக்கு–தெற்குத் தளத்தில் மட்டுமே அசையக்கூடியவை. அவற்றில் பணியாற்றியோர் சாய்வு இருக்கையில் அமர்ந்தோ படுத்தோ நோக்குவது வழக்கம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வகத்திலும் நெடுவரைக் கருவிகளே முதன்மையான அளவைப் பணிகளைச் செய்தன.

நீராவிச் சம்மட்டியை உருவாக்கியவர் எனப் பெயர்பெற்ற ஸ்கொட்லாந்துப் பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித், 1840-களில் 20 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கி ஒன்றைத் தமக்கென அமைத்தார். அதில் ஒளிக்கதிர் மூன்றாவது ஆடி ஒன்றினால் திருப்பப்பட்டு, குழாயைத் தாங்கும் கிடை அச்சின் வழியாக வெளிவந்தது. குழாயை மேலே உயர்த்தினாலும் கீழே தாழ்த்தினாலும் கண் வைக்கும் இடத்தின் உயரம் மாறவில்லை. நோக்குபவரின் இருக்கையும் தொலைநோக்கியும் ஒரே சுழல் மேடையில் இருந்தமையால், அமர்ந்தபடியே கைச்சக்கரத்தைச் சுற்றி வானத்தின் எப்பகுதியையும் காண முடிந்தது. நாஸ்மித் உடற்குறை உடையவர் அல்லர். வசதியை விரும்பினார், அவ்வளவே. இன்றைய பெரும் ஆய்வுத் தொலைநோக்கிகளில் அவர் பெயராலேயே வழங்கும் குவியம் இந்த ஏற்பாட்டிலிருந்து வந்ததாகும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரைச் சேர்ந்த ரசல் போர்ட்டர், 1920-களில் பொழுதுபோக்கு வானியலாளரிடையே பரப்பிய ஸ்பிரிங்ஃபீல்டு தாங்கியிலும் கண்ணருகு வில்லை ஒரே இடத்தில் நிலையாக நிற்கும். டெக்சாஸ் மாநிலத்து மெக்டொனால்டு வானாய்வகத்தில் சக்கர நாற்காலியில் வருவோரைக் கருதியே 18 அங்குலத் தொலைநோக்கி ஒன்று நிறுவப்பட்டுள்ளது. பிஃபுண்டு என்னும் இயற்பியலாளரின் ஆடி அமைப்பைப் பின்பற்றும் இக்கருவியிலும், வானத்தின் எப்பகுதியை நோக்கினாலும் கண் வைக்கும் இடம் மாறுவதில்லை. இத்தகைய கருவிகள் கடைகளில் கிடைப்பதில்லை என்பதே குறை. எனவே கடையில் கிடைப்பவற்றுள் இவற்றின் பண்புக்கு அண்மையில் வரும் கருவி எது என்று தேடுவதே நடைமுறைத் தேர்வாகிறது.

முதலில் எடுக்கவேண்டிய அளவுகள்

கருவியின் விவரப் பட்டியலைப் படிக்கும் முன்னர், நோக்குபவர் தமது நாற்காலியில் வழக்கமான மெத்தையுடன் அமர்ந்து, தரையிலிருந்து கண்வரை உள்ள உயரத்தை அளந்துகொள்ள வேண்டும். வளர்ந்தவர்களுக்கு இது பொதுவாக 110 முதல் 130 செ.மீ. வரை இருக்கும். அடுத்து, முழங்கால் உயரமும் கைப்பிடிகளின் உயரமும். முழங்கால்கள் ஒரு பொருளின் கீழே நுழைய ஏறத்தாழ 70 செ.மீ. இடைவெளி வேண்டும். பாதத் தட்டுகள் முழங்காலுக்கு முன்னே எவ்வளவு நீண்டிருக்கின்றன என்பது மூன்றாவது அளவு. முக்காலித் தாங்கிகளுடன் மோதுவது பெரும்பாலும் இத்தட்டுகளே. முதுகைச் சாய்க்காமல் தலையை முன்னே எவ்வளவு கொண்டுவர முடியும், கழுத்தை எவ்வளவு திருப்ப முடியும், எந்தக் கை வலுவானது என்பனவும் குறித்துக்கொள்ளத் தக்கவை. தண்டுவடக் காயம் உற்றவர்களுக்கு உடலை முன்னே சாய்த்தால் நிலை தவறக்கூடும். ஆகையால் கண் வில்லையிடம் போவதைவிட வில்லை கண்ணிடம் வருவதே நன்று.

நாற்காலி ஒரே இடத்தில் முழுவதுமாகத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம் தேவை. தொலைநோக்கி வடக்கிலிருந்து கிழக்குக்குத் திரும்பும்போது நோக்குபவரும் அதைச் சுற்றி நகர வேண்டியிருப்பதால், கருவியைச் சுற்றிலும் இவ்விடம் இருக்கவேண்டும். சிறிய முற்றங்களில் இது கிடைப்பது அரிது. அங்கே வானத்தின் ஒரு பக்கத்தை மட்டும் நோக்குவதெனத் தீர்மானித்து, அப்பக்கத்துக்கு ஏற்பக் கருவியை நிறுவுவது நல்லது.

வடசென்னையின் வானம்

கதிரவனும் கோள்களும் செல்லும் பாதை, சென்னையின் அகலாங்கில் தலைக்கு மேலாக வருகிறது. கதிரவன் ஏப்ரல் மாதப் பிற்பகுதியிலும் ஆகஸ்டு நடுப்பகுதியை ஒட்டியும், ஆண்டுக்கு இருமுறை சரியாக உச்சியைக் கடக்கிறது. வியாழன், சனி போன்ற கோள்கள் நெடுவரையைக் கடக்கும்போது ஏறத்தாழ 53 பாகை ஏற்றக்கோணத்துக்குக் குறைவதில்லை. பல ஆண்டுகளில் அவை 70, 80 பாகை வரை உயர்கின்றன. இலண்டனில் இதே கோள்கள் சில ஆண்டுகளில் 15 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. உயரத்தில் இருக்கும் கோளின் ஒளி குறைந்த தடிப்புள்ள காற்றின் வழியாக வருவதால் உருவம் தெளிவாகத் தெரியும். இது வெப்ப மண்டலத்தாருக்கு வாய்த்த நற்பேறு. ஆனால் அமர்ந்திருப்பவருக்கு இதுவே சிக்கலும் ஆகிறது. குழாய் எந்நேரமும் உச்சியை ஒட்டியே நிற்பதால், கண்ணருகு வில்லை மிகத் தாழ்ந்தோ மிக உயர்ந்தோ போய்விடுகிறது.

துருவ விண்மீன் இங்கே அடிவானிலிருந்து 13 பாகை உயரத்தில் மட்டுமே உள்ளது. இராயபுரத்திலிருந்து வடக்கே பார்த்தால் அத்திசையில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூர்ப் பகுதியின் தொழிற்கூடங்களும் உள்ளன. இரண்டாம் ஒளிப்பருமனுள்ள அவ்விண்மீன் புகைமூட்டத்தில் பல இரவுகளில் மறைந்துவிடும். தென்திசையில் நகரத்தின் ஒளி பரவியிருக்கிறது. துறைமுகத்திலும் சரக்குப் பெட்டக முனையங்களிலும் உயர்கோபுர விளக்குகள் இரவு முழுவதும் எரிகின்றன. இருள் மிச்சமிருக்கும் திசை கிழக்கு. வங்கக் கடலின் மேலே எழும் விண்மீன்களைக் கட்டடம் எதுவும் மறைப்பதில்லை.

இத்தகைய ஒளிமாசில் மங்கலான விண்மீன் திரள்களைக் கண்ணால் காண்பது இயலாது, 300 மி.மீ. ஆடியை வைத்தாலும் வெளிறிய வானமே பெரிதாகத் தெரியும். ஆனால் நிலா, கோள்கள், இரட்டை விண்மீன்கள், கார்த்திகை போன்ற ஒளிமிக்க கொத்துகள் ஆகியவற்றை நகரின் ஒளி பெரிதும் பாதிப்பதில்லை. அல்பிரியோ என்னும் இரட்டை விண்மீனின் உறுப்புகள் ஏறத்தாழ 35 வில்விநாடி இடைவெளியில் உள்ளன. மிகச் சிறிய தொலைநோக்கியிலும் பொன்னிறமும் நீலமுமாகப் பிரிந்து தெரியும். 127 மி.மீ. துளையுள்ள கருவி 1 வில்விநாடிக்கும் சற்றுக் குறைந்த இடைவெளியைப் பிரிக்க வல்லது. ஆகவே வடசென்னையில் 90 முதல் 130 மி.மீ. வரை துளையும் நீண்ட குவியத் தூரமும் கொண்ட சிறு கருவி, வானத்தின் தன்மைக்கே போதுமானதாக உள்ளது. சக்கர நாற்காலியில் இருப்பவர் சிறு கருவியைத் தேர்வது விட்டுக்கொடுத்தல் அன்று. அதே தெருவில் நின்று பார்ப்பவருக்கும் அதுவே ஏற்றது.

மொட்டைமாடி என்னும் தடை

தமிழ்நாட்டு நகரங்களில் வான்நோக்குவோரின் இயல்பான இடம் மொட்டைமாடி ஆகும். தெருவிளக்குகள் அங்கே கீழே போய்விடுகின்றன, வானம் விரிகிறது. ஆனால் இராயபுரத்தின் பழைய வீடுகளிலும் திருவொற்றியூரின் சிறு அடுக்கு வீடுகளிலும் மாடிக்குச் செல்லக் குறுகிய படிக்கட்டே உண்டு. மின்தூக்கி உள்ள கட்டடங்களிலும் அது பெரும்பாலும் கடைசிக் குடியிருப்புத் தளத்தோடு நின்றுவிடுகிறது. மாடிக்கு மேலும் ஒரு படிவரிசை ஏற வேண்டும். மழைநீர் உள்ளே வராதிருக்க வாசற்படிகளும் உயர்த்திக் கட்டப்படுகின்றன. சாய்தளத்துக்கு ஏற்கப்பட்ட சரிவு 12-க்கு 1 என்பதால், 45 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகளைக் கடக்க 5.4 மீட்டர் நீளமுள்ள சாய்தளம் வேண்டும். பல சந்துகளின் மொத்த அகலமே அவ்வளவு இராது.

கடற்கரையும் எளிதில் எட்டுவதன்று. கடலரிப்பைத் தடுக்க எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிக் கருங்கற்கள் கொட்டப்பட்டுள்ளன. மணல் உள்ள இடங்களிலும் நாற்காலியின் முன்சக்கரங்கள் புதைந்துவிடும். மெரினாவில் மாற்றுத் திறனாளிகள் கடலருகே செல்வதற்கான மரப்பாதையை மாநகராட்சி 2022 நவம்பரில் திறந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. கிழக்கு வானத்தை நோக்க அத்தகைய பாதை நல்ல இடம். எனினும் மாநகரின் ஒளி அங்கும் குறைவதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களின் அணுகுதன்மையை வலியுறுத்துகிறது. தனியார் வீட்டின் மொட்டைமாடிப் படிக்கட்டுக்கு அதனால் விடை கிடைப்பதில்லை.

இதனால் பெரும்பாலானோர் வீட்டு முற்றம், வாயில், கீழ்த்தள முகப்பு, அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றிலிருந்தே நோக்க வேண்டியவர்களாகின்றனர். வானத்தின் ஒரு துண்டுதான் தெரியும். எந்தத் துண்டு, எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு எதைக் காட்டும் என்பதை விண்மீன் வரைபடத்தின் துணையுடன் முன்கூட்டியே கணித்துக்கொள்வது, புதிய கருவி வாங்குவதைவிடப் பயன்தரக்கூடியது. கிழக்கு நோக்கிய சந்து ஒன்றே ஓர் ஆண்டுக்குள் இராசி மண்டலத்தின் பெரும்பகுதியைக் காட்டிவிடும்.

தொலைநோக்கி வகைகள்

ஒளிமுறிவுத் தொலைநோக்கியின் கண்ணருகு வில்லை குழாயின் அடிமுனையில் உள்ளது. 900 மி.மீ. குவியத் தூரமுள்ள நீண்ட குழாயை 110 செ.மீ. உயரத்தில் பொருத்திக் கோள் ஒன்றை நோக்கி 80 பாகைக்கு உயர்த்தினால், வில்லை தரையிலிருந்து ஏறத்தாழ 60 செ.மீ. உயரத்துக்கு இறங்கிவிடும். அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு அது அரை மீட்டர் கீழே. அதுவும் முக்காலியின் கால்களுக்கு இடையே. நின்று பார்ப்பவர் மண்டியிடலாம். நாற்காலியில் இருப்பவருக்கு வழியில்லை. தொடக்கநிலையினருக்கு மிகுதியாக விற்கப்படும் 70 மி.மீ. நீள்குழாய்க் கருவிகள் இக்காரணத்தால் பொருந்துவதில்லை. 400 முதல் 500 மி.மீ. வரை குவியத் தூரமுள்ள குட்டையான ஒளிமுறிவுக் கருவிகளில் இச்சிக்கல் பாதியாகக் குறையும்.

நியூட்டன் வகை ஒளித்தெறிப்புத் தொலைநோக்கியில் கண்ணருகு வில்லை குழாயின் மேல்முனைக்கு அருகே பக்கவாட்டில் உள்ளது. 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபாதை வானியலாளர் குழுவைத் தொடங்கிய ஜான் டாப்சனின் பெயரால் வழங்கும் எளிய மரப்பெட்டித் தாங்கியில் இது பொருத்தப்படும்போது, உயரக் கணக்கு எதிர்பாராத வகையில் சாதகமாக அமைகிறது. 150 மி.மீ. துளையும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட கருவியில், கிடை அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ 57 செ.மீ. உயரத்திலும், வில்லை அவ்வச்சிலிருந்து ஏறத்தாழ 67 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். குழாய் உச்சியை நோக்கும்போது வில்லையின் உயரம் 124 செ.மீ.; 45 பாகையில் 104 செ.மீ.; 30 பாகையில் 90 செ.மீ. கண்ணின் உயரம் 115 செ.மீ. உள்ளவருக்கு 60 பாகையை ஒட்டிய பகுதி மிகவும் வசதியானது, அதாவது கோள்கள் செல்லும் பகுதி. 200 மி.மீ. துளையிலும் குவியத் தூரம் 1200 மி.மீ. எனில் இதே உயரங்களே வரும். 300 மி.மீ. கருவியில் குவியத் தூரம் 1500 மி.மீ. அளவுக்கு நீள்வதால் வில்லை எட்டாமல் போகும்.

டாப்சன் தாங்கியின் குறை வேறிடத்தில் உள்ளது. அதன் அடிப்பலகை அகலமானது. முழங்கால்கள் நுழைய இடமில்லை. எனவே நேரே அணுகாமல், நாற்காலியைக் குழாய்க்கு இணையாக நிறுத்திப் பக்கவாட்டில் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டியுள்ளது. கழற்றக்கூடிய கைப்பிடிகள் உள்ள நாற்காலியாயின் நன்று. குழாயைத் தாங்கியிலேயே சுழற்றி வில்லையின் திசையை மாற்ற வளையங்கள் இருந்தால் இன்னும் நன்று. எடை 15 கி.கி.க்கும் மேல் என்பதால் அமர்ந்தவர் தாமே எடுத்துச் செல்ல இயலாது. பூட்டக்கூடிய சக்கரப் பலகை ஒன்றில் நிலையாக ஏற்றிவைத்து உருட்டிச் செல்வது வழக்கம். புனேயிலுள்ள வானியல், வானியற்பியல் பல்கலைக்கழக மையம் நடத்திவந்த பட்டறைகளைப் போன்ற இடங்களில் ஆடி தேய்க்கக் கற்றவர்கள், தாமே கட்டும் கருவியில் பெட்டியின் உயரத்தைத் தமது கண்ணுக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

மக்சுதோவ்–காசிகிரெயின் வகை, முன்னே கூறிய குறைகள் பலவற்றைத் தவிர்க்கிறது. ஒளி குழாய்க்குள் மடங்கி வருவதால், 1500 மி.மீ. குவியத் தூரமுள்ள 127 மி.மீ. கருவியின் குழாய் ஏறத்தாழ மூன்றில் ஒரு மீட்டர் நீளமே உடையது, எடையும் 3.5 கி.கி. அளவில்தான். மடியில் வைத்துக் கொண்டுசெல்லலாம். கண்ணருகு வில்லைக்கும் அச்சுக்கும் இடையிலான தொலைவு குறைவாதலால், அடிவானிலிருந்து உச்சிவரை குழாய் திரும்பும்போது கண் வைக்கும் உயரம் 30 செ.மீ. அளவே மாறும். நாஸ்மித்தின் நிலையான வில்லைக்குக் கடைச்சரக்குகளில் மிக அண்மையில் வருவது இதுவே எனலாம். பின்புறம் செருகப்படும் செங்கோண ஆடியைத் தளர்த்திப் பக்கவாட்டில் திருப்பினால், நாற்காலி எந்தப் பக்கத்திலிருந்தும் அணுகலாம். பரந்த வான்பரப்பை ஒருசேரக் காட்டாது என்பதும், குழாய் வெளிக்காற்றின் வெப்பநிலையை அடைய அரை மணி நேரத்துக்கு மேலாகலாம் என்பதும் இதன் குறைகள். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் முன்வில்லையில் ஈரம் படியும்.

தாங்கியும் தூணும்

முக்காலி, நின்று பார்ப்பவர்களுக்கென உருவானது. அதன் விரிந்த கால்களும் நாற்காலியின் பாதத் தட்டுகளும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. தட்டு ஒருமுறை உரசினாலே உருவம் பல விநாடிகள் ஆடும். ஒற்றைத் தூண் சிறந்த மாற்று ஆகும். 10 செ.மீ. விட்டமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, 45 செ.மீ. பக்கமும் 12 மி.மீ. தடிப்பும் உள்ள சதுரத் தகட்டின்மேல் பற்றவைத்து, உள்ளே உலர்ந்த மணலை நிரப்பினால் அதிர்வு விரைவில் அடங்கும். தகடு மட்டுமே 19 கி.கி. இருக்கும். பாதத் தட்டுகள் தரையிலிருந்து சில செ.மீ. உயரத்தில் இருப்பதால் தகட்டுக்கு மேலாகச் சென்றுவிடும். லேத் பட்டறைகளும் வெல்டிங் பட்டறைகளும் நிறைந்த வடசென்னையில் இதைச் செய்துவாங்குவது கடினமன்று.

தூணின் உயரம் முக்கியம். மக்சுதோவ் கருவியில் உயரமான பொருளை நோக்கும்போது வில்லை அச்சுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. கீழே நிற்கும். ஆகவே கண்ணின் உயரம் 115 செ.மீ. எனில், தாங்கியின் அச்சு 135 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டியோ புறநகர்த் தொடர்வண்டிப் பாதையை ஒட்டியோ வீடு இருப்பின், கண்டெய்னர் லாரிகளும் வண்டிகளும் கடக்கும்போது 150 மடங்கு உருப்பெருக்கத்தில் வியாழன் நடுங்குவதைக் காணலாம். தகட்டின் அடியில் தடித்த இரப்பர்த் துண்டுகளை வைப்பது ஓரளவு உதவும்.

தாங்கி வகைகளுள், துருவ அச்சைக் கொண்ட நிலநடுக்கோட்டு வகை இங்கே பொருந்துவது அரிது. அதன் அச்சு இடத்தின் அகலாங்குக்குச் சமமாக, 13 பாகை மட்டுமே சாய்ந்து, ஏறக்குறையக் கிடையாகப் படுத்திருக்க வேண்டும். நடு அகலாங்கு நாடுகளுக்காகச் செய்யப்படும் சில தாங்கிகள் அவ்வளவு தாழ்வதில்லை. தாழ்பவற்றிலும் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். வில்லையும் எதிர்பாராத கோணங்களுக்குத் திரும்பும். மேல்–கீழாகவும் இடம்–வலமாகவும் மட்டும் அசையும் தாங்கியே எளிது. மெதுவாகத் திருப்புவதற்கு வளையும் கம்பித் திருகிகள் இருந்தால், கையை நீட்டாமல் மடியருகிலேயே திருப்பலாம். விரல்களில் வலுவில்லாதவர்களுக்கு மின்னோடி உள்ள தாங்கி வேண்டும். கைபேசியில் பொருளின் பெயரைத் தொட்டால் தானே தேடிச் சென்று, புவிச் சுழற்சிக்கு ஈடுகொடுத்துப் பின்தொடரும் தாங்கிகள் உண்டு. இங்கே அது ஆடம்பரம் ஆகாது. பொருள் ஒவ்வொரு நிமிடமும் விலகிச் செல்லும்போது, நாற்காலியைச் சற்றே நகர்த்துவதும் பூட்டுவதுமாக ஓர் இரவு கழிந்துவிடும்.

துணைக்கருவிகள்

நேர்ப்பார்வைத் தேடுதொலைநோக்கியைப் பயன்படுத்தக் குழாயின் பின்னே தலையைத் தாழ்த்தி மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். கழுத்து திரும்பாதவருக்கு இது இயலாத செயல். செங்கோணத் தேடுதொலைநோக்கியில் முதன்மை வில்லைக்குப் பக்கத்திலேயே அதே திசையில் கண்ணை வைக்கலாம். உருவத்தை இடவலம் மாறாமல் நேராகக் காட்டும் வகை விரும்பத்தக்கது.

கண்ணருகு வில்லைகளில், கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 15 முதல் 20 மி.மீ. வரை தொலைவு தருபவை மட்டுமே பொருந்தும். 4 மி.மீ. குவியத் தூரமுள்ள எளிய பிளாசல் வில்லையில் இமை உரசுமளவுக்கு நெருங்க வேண்டும்; தலையை அசையாமல் வைத்திருக்க முடியாதவர்களுக்கு அது பயன்படாது. 8 முதல் 24 மி.மீ. வரை மாற்றத்தக்க உருமாற்று வில்லை ஒன்று, இருட்டில் வில்லைகளைக் கழற்றி மாட்டும் வேலையையும் கீழே விழுந்த வில்லையைத் தேடும் வேலையையும் இல்லாமல் செய்துவிடும். 1500 மி.மீ. கருவியில் அது 62 முதல் 187 மடங்கு வரை உருப்பெருக்கம் தரும். நிலாவுக்கும் கோள்களுக்கும் இதற்கு மேல் பெரும்பாலும் வேண்டியதில்லை.

நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே பொருத்தும் விளிம்புள்ள பலகை, சிவப்பு விளக்கு, வில்லைகளைக் கட்டிவைக்கச் சிறு கயிறுகள் ஆகியவை விலை குறைந்தவை, பயன் மிக்கவை. உயர்கோபுர விளக்கின் ஒளி நேரே கண்ணில் படும் இடங்களில், தலையையும் வில்லையையும் சேர்த்து மூடும் கறுப்புத் துணியைக் காட்டிலும் சிறந்த ஒளிமாசு வடிகட்டி இல்லை.

இருகண் நோக்கி

10 மடங்கு உருப்பெருக்கமும் 50 மி.மீ. துளையும் கொண்ட இருகண் நோக்கி, குறைந்த செலவில் தொடங்க ஏற்றது. நாற்காலியின் முழங்கைத் தாங்கி அதற்கு இயல்பான பிடிமானமாகிறது. ஆனால் உச்சியைப் பார்க்கப் பின்னே சாயும்போது நாற்காலி கவிழும் ஆபத்து உண்டு. பின்கவிழ்தடுப்புச் சிறுசக்கரங்கள் இல்லாமல் அவ்வாறு சாய்தல் கூடாது. இணைகரச் சட்டத் தாங்கி என்னும் அமைப்பில், இருகண் நோக்கியை மேலும் கீழும் நகர்த்தினாலும் அது அதே விண்மீனையே நோக்கிக்கொண்டிருக்கும். நாற்காலியில் இருப்பவர் பார்த்தபின் நின்றுகொண்டிருப்பவர் உயர்த்திப் பார்க்கலாம். மறுபடியும் தேட வேண்டியதில்லை. குடும்பத்தாருடனும் மாணவர்களுடனும் சேர்ந்து நோக்குவோருக்கு இதற்கு ஈடான துணைக்கருவி இல்லை. மேசையில் தட்டையான ஆடி ஒன்றைச் சாய்த்துவைத்து, அதில் தெரியும் வானத்தை இருகண் நோக்கியால் குனிந்து பார்ப்பது மற்றொரு முறை. உருவம் தலைகீழாகத் தெரிந்தாலும் கழுத்துக்கு நோவில்லை.

திரைவழி நோக்கல்

கண்ணை வில்லையில் வைக்காமலே நோக்கும் கருவிகள் அண்மைக் காலத்தில் பரவியுள்ளன. 2023-இல் வெளிவந்த சீஸ்டார் எஸ்50 என்பது 50 மி.மீ. துளையும் 250 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட சிறு கருவி. எடை ஏறத்தாழ 2.5 கி.கி. அது தானே வானத்தைப் படமெடுத்துத் தன் திசையை அறிந்து, பொருளைத் தேடி, குறுகிய நேரப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கைபேசித் திரையில் காட்டுகிறது. வீட்டில் ஒருவர் அதை மொட்டைமாடியில் வைத்துவிட்டு வந்தால், கீழே இருந்தபடியே முழு வானத்தையும் இயக்கலாம். மாடிப் படிக்கட்டுத் தடையை உண்மையில் கடக்கும் கருவி இது ஒன்றே. கான்கிரீட் தளங்கள் கம்பியில்லா இணைப்பை வலுவிழக்கச் செய்வதால், வீட்டு இணையத் திசைவியின் வழியாக இணைத்துக்கொள்ளல் நல்லது. நகர ஒளியில் கண்ணால் காணவியலாத ஓரியன் நெபுலாவின் நிறங்களும் ஆந்திரமேடா விண்மீன் திரளின் தூசுப் பட்டைகளும் இதில் தெரிகின்றன.

ஆயினும் இது வேறுவகை அனுபவம். சனியின் வளையத்தை இக்கருவி மிகச் சிறிதாகவே காட்டும். கோள்களுக்கு 50 மி.மீ. துளை போதாது. சனியிலிருந்து புறப்பட்ட ஒளியே தன் கண்ணுக்குள் விழுவதை விரும்புபவர், திரையில் வரும் படத்தால் நிறைவடைவதில்லை. பணம் ஒன்றுக்கே உண்டெனில், முற்றமோ வாயிலோ உள்ளவர் மக்சுதோவ் கருவியையும், வெளியே வர வழியே இல்லாதவர் திரைவழிக் கருவியையும் தேர்வது பொருத்தமாகும்.

உப்பு, சாம்பல், ஈரம்

கடற்காற்றின் உப்பும் தொழிற்பகுதியின் தூசும் ஆடியின் அலுமினியப் பூச்சை அரிக்கின்றன. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுதல் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2011-இல் நின்றது. 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. இவற்றால் இராயபுரத்தில் கரித்தூசு குறைந்தது. ஆனால் எண்ணூரில் 2001 முதல் இயங்கும் காமராசர் துறைமுகம் நிலக்கரியைக் கையாளுகிறது. அத்திப்பட்டுப் பகுதியின் வடசென்னை அனல்மின் நிலையமும் இயங்குகிறது. நிலக்கரிச் சாம்பலின் துகள்கள் கடினமானவை. துணியால் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் காற்றடித்து நீக்க வேண்டும். திறந்த குழாயுள்ள நியூட்டன் வகையைவிட, முன்புறம் வில்லையால் மூடப்பட்ட ஒளிமுறிவு, மக்சுதோவ் வகைகள் இங்கே நீடித்து உழைப்பதற்கு இது காரணம். பயன்படுத்தாத நாட்களில் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைக்காவிடில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வில்லைகளில் பூஞ்சை படரும். தூணுக்குத் துருப்பிடியா எஃகுத் திருகாணிகளே ஏற்றவை. வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும் மாதங்கள் சனவரி முதல் ஏப்ரல் வரை.

உடல்நலம்

ஒரே நிலையில் நெடுநேரம் அமர்ந்திருப்பது அழுத்தப் புண்களுக்கு வழிவகுக்கும். வில்லையில் கண்ணை வைத்து அசையாதிருக்கும் வான்நோக்குவோர் நேரத்தை மறந்துவிடுவதுண்டு. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடல் எடையை மாற்றி அமர, கைபேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்வது நன்று. பக்கிங்காம் கால்வாயையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் ஒட்டிய பகுதிகளில் கொசு மிகுதி. உணர்வற்ற கால்களில் கடிப்பது தெரியாது என்பதால் நீண்ட காற்சட்டையும் காலுறையும் தேவை. டீட் கலந்த கொசுவிரட்டிகள் நெகிழியைக் கரைக்கக்கூடியவை. பூசிய கையால் கண்ணருகு வில்லையைத் தொடக்கூடாது.

பகலில் கதிரவனை நோக்குதல் மாடியும் இருளும் வேண்டாத வானியல் ஆகும். தொலைநோக்கியின் முன்புறத்தை முழுவதும் மூடும், கதிரவனுக்கென்றே செய்யப்பட்ட வடிகட்டி கட்டாயம் தேவை. கண்ணருகு வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடிகள் வெடிக்கக்கூடியவை. சிறிய ஒளிமுறிவுத் தொலைநோக்கியால் கதிரவனின் உருவத்தை வெள்ளைத் தாளில் வீழ்த்தினால், கண் வைக்கும் உயரம் என்ற சிக்கலே எழுவதில்லை. மடிப்பலகையில் தாளை வைத்து, கரும்புள்ளிகளை எழுதுகோலால் அப்படியே குறித்துக்கொள்ளலாம். யாரும் குழாய்க்குள் கண்ணை வைத்துவிடாதபடி காத்தல் வேண்டும். மக்சுதோவ் வகையை இம்முறைக்குப் பயன்படுத்தலாகாது. உள்ளே குவியும் வெப்பம் கருவியைப் பழுதாக்கும். 2019 திசம்பர் 26 அன்று தமிழ்நாட்டின் சில பகுதிகளில் கங்கண மறைப்பாகவும் சென்னையில் பகுதி மறைப்பாகவும் தெரிந்ததைப் போன்ற கதிரவ மறைப்புகளின்போது, வாயிலில் வைத்த ஒரு தாளைச் சுற்றி நிற்பவர்களும் அமர்ந்திருப்பவர்களும் ஒன்றாகப் பார்க்கலாம்.